விளம்பரம் வராத இடத்தைக் கேட்டு எடுத்த கோல்கள்

பத்திரிகையில் விளம்பரம் வந்த வேலைக்கு யாரும் விண்ணப்பிக்கலாம். விளம்பரம் வராத வேலையைக் கேட்டுத் தொலைபேசி எடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு புடவைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கும் கணக்கியல் கல்லூரி ஒன்றில் ஒன்பது வருடமாக இந்த வேலையைப் பார்க்கிறேன். எங்கள் டிப்ளோமாவை முடிக்கும் பிள்ளைகள் ஒரு நிதி நிறுவனத்தில் ஆறு மாதம் பயிற்சி எடுக்கவேண்டும். வங்கி, லீசிங் கம்பனி, காப்புறுதி, பங்குத் தரகர், எதுவும் சரி. ஆனால் இந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை பயிற்சி இடம் இருக்கிறதென்று எங்கும் அறிவிப்பதில்லை. கேட்டவருக்கு இருக்கும், கேட்காதவருக்கு இருக்காது. ஆகவே நான் கேட்கிறேன். ஐம்பத்தாறு வயதில், முன்பின் தெரியாதவர்களிடம், ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது தடவை. கோயில் திருப்பணிக்கு ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறியவர்கள், காப்புறுதி முகவர்கள், பழைய மாணவர் சங்கத்துக்கு டிக்கெட் விற்றவர்கள் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. நீங்கள் என் ஆட்கள்.

இங்கே எழுதுபவை எல்லாம் இந்த வருடம் ஒரே மாணவிக்காக நடந்தவை. பெயர் பவித்ரா, கொட்டாஞ்சேனைப் பிள்ளை. பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்பில் பதினொரு பேருக்கு இடம் கிடைத்துவிட்டது. கிடைக்காதவள் அவள் ஒருத்திதான். ஓகஸ்ட் முதல் வாரம் முடிவதற்குள் ஏதாவதொரு நிறுவனம் அவளை எடுப்பதாகக் கடிதம் தரவேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் ஒரு வருடம் பிந்தும். தாயின் சத்திரசிகிச்சைக்காக ஏற்கெனவே ஒரு வருடத்தை விட்டவள் அவள். “இன்னொரு வருசம் போனா நான் திரும்பி வரமாட்டன் சேர்” என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

பத்தேகால்

தொலைபேசியில் கோல் எடுக்க ஒரு நேரம் இருக்கிறது. ஒன்பது மணிக்கு எடுத்தால் எல்லாரும் கூட்டத்தில் இருப்பார்கள். பதினொரு மணிக்கு எடுத்தால் அந்தக் கூட்டத்தில் ஏச்சு வாங்கியவர் எடுப்பார். பன்னிரண்டுக்குப் பிறகு சோற்றுப் பார்சல் பிரிக்கிற சத்தம்தான் கேட்கும். பத்தேகால்தான் சரி. பிளேன்டீ வந்து இரண்டு மிடறு உள்ளே போயிருக்கும். அந்தப் பதினைந்து நிமிடம் மட்டும் மனிதர் மற்ற மனிதரோடு கதைக்க ஆயத்தமாக இருப்பார்.

பவித்ராவுக்கான முதலாவது கோலைச் சரியாகப் பத்தேகாலுக்குத்தான் எடுத்தேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு முதலீட்டுக் கம்பனி. வரவேற்பில் இருந்த பெண்பிள்ளை நல்ல மரியாதையாகக் கதைத்தாள். நானும் மரியாதையாக, உங்கள் நிறுவனத்தில் இப்போது பயிற்சி இடம் எதுவும் அறிவிக்கப்படவில்லை என்பது எனக்குத் தெரியும், உங்கள் இணையத்தளத்தையும் பார்த்தேன், அதிலும் எதுவும் இல்லை, இருந்தாலும் என்று தொடங்கினேன். ஒன்பது வருடமாக நான் இப்படித்தான் தொடங்குகிறேன். அது பணிவு என்பது என் எண்ணம்.

அவள் உண்மையிலேயே விளங்காமல் கேட்டாள்: “இல்லையெண்டு இவ்வளவு வடிவாத் தெரிஞ்சுகொண்டும் என்னத்துக்கு சேர் கோல் எடுத்தனீங்கள்?”

எவடம்?

லீசிங் கம்பனி ஒன்றின் பணிப்பாளர் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் என்று அறிந்து நேரடியாக அவருக்கே எடுத்தேன். ஆங்கிலத்தில் தொடங்கியவர், என் உச்சரிப்பைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். தமிழுக்கு வந்துவிட்டால் பாதி அலுவல் முடிந்த மாதிரி.

“பிள்ளை எவடம்?” என்றார். கொட்டாஞ்சேனை என்றேன். “அது இப்ப இருக்கிற இடம். ஊரைக் கேட்டனான்.” கரவெட்டி என்றேன். “கரவெட்டியில எவடம்?” அது எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்களிடம் தெரியாது என்று சொல்லிவிட்டால் பிள்ளைக்கு ஏதோ குறை இருப்பதுபோல ஆகிவிடும். ஆகவே இடைவெளி விடாமல் நானே தொடர்ந்தேன். நல்ல அமைதியான பிள்ளை. வீட்டுக்கு அடங்கினது. வீண் கதை கிடையாது. தகப்பன் புறக்கோட்டையில் ஒரு கடையில் நிற்கிறார், நல்ல மனிசன், ஒரு சோலி சுரட்டுக்கும் போகாதவர். ஒரே ஒரு தம்பி, அவனும் படிக்கிறான். இப்படி ஐந்து நிமிடம் இருக்கும். அந்தப் பக்கத்தில் “ம்” மட்டும் கேட்டது. அந்த “ம்”மை ஆதரவு என்று எடுத்துக்கொண்டு, அவள் விரதம் பிடிப்பதையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பணிப்பாளர் தொண்டையைச் செருமினார். “மாஸ்டர், நான் கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ. இப்ப நான் ஒஃபிசுக்குப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறதோ, என்ரை மகனுக்குப் பொம்பிளை எடுக்கிறதோ?”

ஆறாம் பக்கம்

என் தொழிலில் ஒரு இரகசியம் இருக்கிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நிதி நிறுவனங்களில் யார் எந்தக் கதிரையில் இருக்கிறார்கள் என்பதை அறிய நான் வாசிப்பது பத்திரிகையின் ஆறாம் பக்கத்து மரண அறிவித்தல்களை. எங்கள் மரண அறிவித்தலில் இறந்தவரைப் பற்றி மூன்று வரிதான் இருக்கும். மிச்சம் முழுக்கப் பிள்ளைகளும் மருமக்களும். அடைப்புக்குள் கனடா, லண்டன், சுவிஸ் என்று இருப்பவர்கள் எனக்கு உதவமாட்டார்கள். “முகாமையாளர், கடன் பிரிவு” என்று இருந்தால் பேனையால் ஒரு கோடு இழுப்பேன்.

ஜூலையில் அப்படியொரு கோடு இழுத்தேன். இறந்தவர் எங்கள் ஒழுங்கையில் முன்பு குடியிருந்த ஆசிரியை. எனக்கு முகம் தெரியும். மகன் ஒரு பினான்ஸ் கம்பனியில் பெரிய பதவி. உடலைக் கல்கிசையில் ஒரு மலர்ச்சாலையில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். போகவேண்டியவன்தான் நான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பவித்ராவின் சி.வி.யை ஒரு வெள்ளைக் கடித உறையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு போனதற்கு என்ன நியாயம் சொல்வேன்? பஸ்ஸில் போகும்போது, வெளியே எடுக்கமாட்டேன், சும்மா கையில் இருக்கட்டும் என்று எனக்கே சொன்னேன். அங்கே போனதும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். என் மூத்த மகளுக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. மகனிடம் போய்க் கையைப் பிடித்தேன். திரும்பிவிட வேண்டுமென்று வாசலுக்கு வந்தேன்.

வாசலில் அந்த அம்மாவின் மருமகன் வந்தவர்களுக்குச் சோடா கொடுத்துக்கொண்டு நின்றார். என் கையிலிருந்த உறையைப் பார்த்தார். ஒரு கோபமும் இல்லாமல், ஒரு பக்கத்து மேசையைக் காட்டினார். “சி.வி. தானே அங்கிள்? அதில வையுங்கோ. உங்களுக்கு முதல் ரெண்டு பேர் வைச்சிட்டினம்.”

குரல்

நான் வைக்கவில்லை. உறையைத் திரும்பக் கொண்டுவந்தேன். அதில் பெருமைப்படுவதற்கு எதுவும் இல்லை. மூன்றாவது ஆளாக இருக்க விருப்பமில்லை என்பதுதான் காரணமோ என்றும் யோசித்தேன். அடுத்த சில நாள் கோல் எடுக்கவே மனம் வரவில்லை. கல்லூரியில் எடுக்க முடியாமல் போனவற்றை வீட்டிலிருந்து எடுத்தேன், பல்கனியில் நின்றுகொண்டு. ஒழுங்கையின் முடிவில் ரெயில் போகும். அது போகும்வரை பொறுங்கள் சேர், மன்னிக்கவேணும் சேர் என்று சொல்வேன். ரெயிலுக்கும் நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

என் மனைவி பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். எதையும் பார்த்துக் குறித்துக்கொள்கிற ஆள். உடுப்புக் காயப்போட்டபடியே நான் எடுத்த மூன்று கோலையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றிலும் எனக்கு ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்ற பதில் கிடைத்தது. பார்த்துச் சொல்கிறோம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

அவள் கடைசிச் சேர்ட்டை உதறிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “இஞ்சை பாருங்கோ, நீங்கள் நிமிர்ந்துதான் நிக்கிறியள். குரல்தான் குனிஞ்சு நிக்குது.”

ஆடி

கடிதத்துக்கான தவணை முடிய ஒன்பது நாள் இருந்தபோது இடம் கிடைத்தது. செட்டியார் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நிதி நிறுவனம். முதலாளி இந்திய வம்சாவளி வணிகக் குடும்பம், என் வயதுக்காரர். நெற்றியில் திருநீறும் மேசையில் மடிக்கணினியுமாக இருந்தார். ஊர் கேட்கவில்லை, தகப்பன் யாரென்று கேட்கவில்லை. “வாங்க சார், உக்காருங்க. ஒரு புள்ளைக்கு இடமா? தாராளமா அனுப்புங்க” என்றார். நான் எழுந்து நின்றே நன்றி சொன்னேன். “ஆவணி பொறந்ததும் அனுப்புங்க” என்று முடித்தார்.

திரும்ப உட்கார்ந்தேன். ஆடியில் அவர்கள் புதிதாக ஆள் சேர்ப்பதில்லை. கடிதம் மட்டும் இப்போது தாருங்கள், பிள்ளை ஆவணியில் வரட்டும் என்றேன். “எழுதிட்டா சேத்த மாதிரிதானுங்களே.” நியாயம்தான். எங்களுக்குச் சான்றிதழ் தருகிற சபை வெளிநாட்டில் இருக்கிறது; அவர்களுக்கு ஆடியும் ஆவணியும் ஒன்றுதான். பத்து நாள் பொறுக்கச் சொல்லி அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதலாமா என்று யோசித்தேன். பிற்பாடு ஆடி மாதத்தை ஆங்கிலத்தில் விளக்கி மூன்று பந்தி எழுதியும் பார்த்தேன். வாசித்தபோது, நாங்கள் வருடத்தில் ஒரு மாதம் பயந்துகொண்டு வீட்டுக்குள் இருப்பவர்கள்போல இருந்தது. அழித்துவிட்டேன்.

ஆனால் அன்று அவர் முன்னால் எனக்குக் கடைசியாக ஒரு யோசனை வந்தது. ஆடிப்பெருக்கு வருகிறதே, ஆடி பதினெட்டு, அது உங்கள் ஆட்களுக்கு நல்ல நாள்தானே, அன்றைக்கே சேரட்டுமே என்றேன். எனக்காக மனம் வருந்தியே சொன்னார்: “அது ஆத்துக்கு நல்ல நாள் சார். ஆபீசுக்கு இல்ல.”

சிபாரிசுக் கடிதம்

அடுத்த நாள் பவித்ராவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், மலர்ச்சாலையைத் தவிர. அவள் அழவில்லை. “சேர், நீங்கள் அவையளுக்கு என்னைப் பற்றி என்ன அனுப்பிறனீங்கள்? அதை ஒருக்காப் பாக்கலாமோ?” என்று கேட்டாள். ஒன்பது வருடத்தில் எந்தப் பிள்ளையும் அதைக் கேட்டதில்லை. நானும் யாருக்கும் காட்டியதில்லை. பிள்ளைகளுக்கு நன்மை செய்யும்போது அவர்களுக்குக் காட்டித்தான் செய்யவேண்டுமா என்ன என்று நினைத்திருக்கிறேன் போலும்.

கடிதத்தைக் கொடுத்தேன். ஒரு பக்கம். ‘அமைதியானவர். பணிவானவர். நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர். பெரியோரை மதிப்பவர். நேரந்தவறாதவர்.’ அவள் மெதுவாக வாசித்தாள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. அவள் எதைத் தேடுகிறாள் என்று அப்போது எனக்கு விளங்கிவிட்டது. ஆசிரியர்கள் எழுதித் தந்த அவளுடைய புள்ளிகள் எல்லாம் என் இழுப்பறைக்குள் இருந்தன. நான் நல்ல குடும்பத்தைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு சேர்” என்றாள், என்னைப் புண்படுத்தாமல் இருக்கவேண்டுமென்ற கவனத்தோடு. “நான் கணக்குப் படிச்சனான் எண்டது மட்டும் இதில எங்கயும் இல்லை.”

ஆஸ்பத்திரியில் வாசித்தது

அப்படியென்றால் நீயே எழுது என்றேன். கொஞ்சம் கோபத்தோடுதான் சொன்னேன், அவள்மீதல்ல. அவள் அங்கேயே என் மேசைக்கு முன்னால் இருந்து எழுதினாள். அரை மணித்தியாலம். பம்பலப்பிட்டியில் இருக்கும் ஒரு பினான்ஸ் கம்பனியின் பெயரை மேலே போட்டிருந்தாள். நான் என்றுமே கோல் எடுத்திராத இடம். அவர்கள் பயிற்சிக்கு ஆள் எடுப்பார்கள் என்றுகூட நான் நினைத்ததில்லை.

மொத்தம் ஆறு வரி. நான் இன்னது படித்தேன், இவ்வளவு புள்ளி. உங்கள் வருடாந்த அறிக்கையை முழுமையாக வாசித்தேன். தலைவரின் செய்தியில் உங்களுக்கு முப்பத்தெட்டுக் கிளை என்று இருக்கிறது. கடைசிப் பகுதியில் சின்ன எழுத்தில் முப்பத்தாறு என்று இருக்கிறது. இதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கும். அப்படியான காரணங்களைக் கண்டுபிடிக்கும் பிரிவில் ஆறு மாதம் பயிற்சி பெற விரும்புகிறேன். அவ்வளவுதான். பணிவு என்ற சொல் எங்கும் இல்லை. பெரிய இடத்துக்குப் போய், ஆரம்பத்திலேயே பிழை சொல்வதா? ‘தாழ்மையுடன்’ என்று ஓரிடத்திலாவது போடு பிள்ளை என்றேன். போடவில்லை.

வருடாந்த அறிக்கையை யாரும் முழுமையாக வாசிப்பார்களா என்று கேட்டேன். நாற்பது கம்பனிக்கு மேல் வாசித்திருக்கிறாளாம். தாய் வார்ட்டில் கிடந்த மாதங்களில் வெளியே இருந்த மர வாங்கில் இருந்தபடி, கைத்தொலைபேசியில். அதற்கு அவள் சொன்ன காரணத்தை அப்படியே தருகிறேன்: “ஆஸ்பத்திரியில வேற என்னத்தை வாசிக்கிறது சேர்? கதைப் புத்தகமெண்டா அழுகை வரும். இதுக்கு வராது.”

இழுப்பறை

கடிதம் போனது. எழும்பிப் போகும்போது அவள் ஒரு வேண்டுகோள் வைத்தாள்: “சேர், இந்த முறை நீங்கள் கோல் எடுக்காதேங்கோ.” சரி என்றேன். சொல்வது சுகம். அடுத்த நாள் பத்தேகாலுக்கு என் கை தானாகவே தொலைபேசிக்குப் போயிற்று. அதற்கடுத்த நாளும் போயிற்று. கடிதம் கிடைத்ததா என்று மட்டும் கேட்டால் என்ன, அது சிபாரிசு ஆகாதே என்று வாதாடினேன். எனக்கு எதிராக வாதாட வேறு யாரும் இல்லாததால் நானே இரண்டு பக்கமும் நின்றேன். நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்து தவணைக்கு இரண்டே நாள் மிஞ்சியது. அன்று காலை தொலைபேசியின் சத்தத்தை நிறுத்தி, இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டி, திறப்பைக் கீழே புடவைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நான் ஒரு மாதிரியான ஆள் என்று அவருக்கு ஏற்கெனவே அபிப்பிராயம் உண்டு.

மதியம் திறந்தபோது ஒரே இலக்கத்திலிருந்து மூன்று தவறிய அழைப்பு. பம்பலப்பிட்டிக் கம்பனி. அவள் தன் இலக்கத்தோடு என் இலக்கத்தையும் போட்டிருந்தாள். உடனே திருப்பி எடுத்தேன். இடர் முகாமைப் பிரிவின் தலைவி, ஃபாரிஸா என்று தன்னை அறிமுகப்படுத்தினார். ஒரே கேள்விதான் கேட்டார்: “இந்த லெட்டர அந்தப் புள்ளயே எழுதினதா, இல்லாட்டி நீங்க எழுதிக் குடுத்ததா?” நான் வழக்கம்போல ‘நல்ல அமைதியான’ என்று தொடங்கினேன். தொடங்கியவன் நிறுத்தினேன். பிறகு சொன்னேன்: “நான் எழுதியிருந்தா அதில பணிவானவர் எண்டு இருந்திருக்கும், மிஸ்.”

அவர் சிரித்தார். “அப்ப கடிதத்த இண்டைக்கே அனுப்புறோம். திங்கக்கிழமை புள்ளய வரச் சொல்லுங்க. அந்த ரெண்டு கிளையும் எங்க போனதெண்டு எங்களுக்கும் தெரியணுமே.”

பன்னிரண்டாவது ஆள்

கல்லூரிப் பணிப்பாளர் அறிவித்தல் பலகையில் ‘பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு’ என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டுவிட்டார். அழிக்கச் சொல்லலாமென்று இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் அவர் என் தோளில் தட்டி, “எப்பிடிப் பிடிச்சீங்கள் கடைசி ஆளை?” என்று கேட்டார். தட்டியது நன்றாக இருந்தது. சொல்லாமல் திரும்பி வந்தேன். இதை இங்கே எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சனிக்கிழமை பவித்ரா ஒரு பெட்டி லட்டோடு வந்தாள். தாயும் கூட வந்து, என்னைத் தெய்வம் என்றார். பவித்ரா சிரிப்பை அடக்கிக்கொண்டு யன்னலைப் பார்த்தாள். தாய் கீழே இறங்கிய பிறகு நான் அவளிடம் கேட்டேன். இரண்டு மாதமாக இந்தக் கதிரையில் வந்து இருந்தாயே பிள்ளை, நாற்பது அறிக்கை வாசித்ததை ஏன் ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை? அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மரியாதையாகவே பதில் சொன்னாள்: “நான் வரேக்கை எல்லாம் நீங்கள் போனில கதைச்சுக்கொண்டு இருந்தனீங்கள், சேர்.”

இப்போது கோல் எடுக்குமுன் பிள்ளையை இருத்தி நீ என்ன செய்வாய் என்று கேட்கிறேன். கேட்டுவிட்டுப் பதில் முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான், என் ஆட்களே, இந்த உத்தியோகத்தில் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாத பகுதி.